மாரியாத்தாள் மூடிய கழனித் தொட்டி

பாண்டிதுரைக்கு இரண்டு வேலை. காலையில் தேவதானத்துப் பாலை அளந்து வாங்கி, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கம்பெனியின் வேனில் ஏற்றி விடுவான். மற்ற நேரம் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராக அறிவிப்புச் சொல்வான். துணிக்கடைத் தள்ளுபடி, இலவசக் கண் சிகிச்சை முகாம், இன்னார் இறைவனடி சேர்ந்தார், எல்லாம் அவன் வாய்தான். மைக் இல்லாதபோதும் அவனுக்குச் சத்தத்தைக் குறைக்கத் தெரியாது. ஆகவே அந்த மார்கழி வியாழக்கிழமை, தண்ணீர் டேங்க் அடியில் பதினாலு பேர் கேனோடு வரிசையில் நிற்கும்போது அவன் சொன்னது மூன்று தெருவுக்குக் கேட்டது.

"மாரியாத்தா மதினி, ஒங்க பாலு இனி வேண்டாமாம். பூசண விஷம் இருக்காம்!"

மாரியாத்தாளுக்கு முன்னால் நின்றவரும் பின்னால் நின்றவளும் தத்தம் கேனை அரை அடி நகர்த்தி வைத்தார்கள். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் அந்த அரை அடியைப் பார்த்தாள்.

"என்னது இருக்கு?"

"பூசண விஷம் மதினி. நேத்து ஆளாளுக்குத் தனித்தனியா எடுத்த பாலைப் பாத்துட்டு, கம்பெனியில டெஸ்ட் பண்ணுத பிள்ளை சொல்லிவிட்டுச்சு."

"ஏலே, நான் பாலைக் கறக்கேனா பூசணத்தைக் கறக்கேனா? மாட்டு மடியில பூத்திருக்கான்னு வந்து பாருலே."

யாரோ சிரித்தார்கள். பாண்டிதுரை தராசைப் பார்த்துக்கொண்டு, "நானா சொன்னேன், மேல உள்ளவிய சொன்னத சொன்னேன்" என்றான். மற்றவர்களுடைய பால் வேனில் ஏறியது. கடைசியாக, யாரும் கூப்பிடாமலே மாரியாத்தாளும் ஏறினாள். கேனை மடியில் வைத்துக்கொண்டு டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எங்கக்கா?" என்றார் டிரைவர்.

"ஒனக்குத் தெரிஞ்ச எடத்துக்குத்தான். ஓட்டு."

மாரியாத்தாள் பிறந்தது சேத்தூர். பத்தொன்பது வயதில் ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில் சேர்ந்து, இருபத்தோரு வருஷம் மிஷினுக்கு முன்னால் நடந்தவள். அறுந்த நூலைப் பிணைப்பதுதான் வேலை. ஒரு முறை அவள் பக்கத்து நூல் மட்டும் ஓயாமல் அறுந்தது. கை சுத்தமில்லை என்று சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் ஏசினார். அவள் மூன்று நாள், நூல் சுற்றுகிற ஒவ்வொரு கதிராக நின்று பார்த்தாள். நாலாம் நாள், தேய்ந்துபோன ஒரு இரும்பு வளையத்தைக் கழற்றி எடுத்துப் போய், காப்பி குடித்துக்கொண்டிருந்த மேனேஜரின் மேசையில் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள். "இது அறுத்துச்சு. நான் இல்ல." அன்றைக்கு விழுந்த பட்டப்பெயர் 'கேஸ் மாரி'. மில் ஓட்டத்தை நிறுத்தி, அவள் தேவதானத்தில் இரண்டு மாடு வாங்கிக் கட்டிய பிறகும் அந்தப் பெயர் பஸ் ஏறி வந்துவிட்டது.

கம்பெனியில் பால் இறங்கும் இடத்தை ஒட்டி ஒரு சின்ன அறை. அங்கே பிரிஸ்கில்லா உட்கார்ந்திருந்தாள். ராஜபாளையத்துப் பெண், படித்து முடித்து வேலைக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. மாரியாத்தாள் கேனை மேசை மேல் வைத்த வேகத்தில் ஒரு கண்ணாடிக் குழாய் உருண்டது. பிரிஸ்கில்லா பாய்ந்து பிடித்தாள்.

"எம்பால்ல விஷம்னு சொன்னது நீதானா தாயி?"

"நான்தான்க்கா."

"எங்க, எங்கண் முன்னால பாரு."

அந்தப் பெண் கேனிலிருந்து சொட்டுப் பால் எடுத்தாள். விரல் நீளத்துக்கு ஒரு அட்டைப் பட்டையை அதில் நிறுத்தினாள். பக்கத்தில் இன்னொருவர் பாலை எடுத்து அதிலும் ஒரு பட்டையை நிறுத்தினாள். பட்டைகளில் பால் மெல்ல மேலேறியது.

"கர்ப்பம் பாக்குதது மாதிரில்லா இருக்கு" என்றாள் மாரியாத்தாள்.

"அதே மாதிரிதான்க்கா. இதுல ரெண்டு கோடு வந்தா நல்ல பாலு. ஒத்தக் கோடு வந்தா ஆகாது."

அடுத்தவர் பாலில் இரண்டு கோடுகள் சிவந்து வந்தன. மாரியாத்தாளின் பட்டையில் ஒரு கோடு. இரண்டாவது கோடு இருக்க வேண்டிய இடம் வெறும் வெள்ளையாக இருந்தது. அவள் குனிந்து பார்த்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். செத்த நேரம் கழித்து, "இன்னொண்ணு போடு" என்றாள். இன்னொன்றிலும் வெள்ளைதான்.

"காய்ச்சினாச் செத்துப் போகாதா? இங்க மணிக்கணக்காப் போட்டுக் கிண்டுதாவளே."

"பூசணம் செத்துப் போகும்க்கா. அது போட்ட விஷம் சாகாது. பால்கோவாவாச் சுண்டச் சுண்ட பால்தான் கொறையும், விஷம் அப்படியே அதுக்குள்ள நிக்கும். ஒரு நாள் குடிச்சா ஒண்ணும் தெரியாது. வருசக்கணக்கா உள்ள போனா ஈரலைக் கெடுத்துரும். சின்னப் பிள்ளைகளுக்கு ரொம்ப ஆகாது."

"எம்மாட்டுக்குச் சீக்கு இருக்கா?"

"மாட்டுல தப்பில்ல. தீவனத்துல இருக்கு. பூசணம் புடிச்ச கடலை, சோளம், புண்ணாக்கு, இந்த மாதிரி என்னமோ அது தின்னுது. அதை நிறுத்துனா நாலஞ்சு நாள்ல பாலு தானா சுத்தமாயிரும். நானே திரும்ப டெஸ்ட் பண்ணுதேன்க்கா."

அவமானத்தோடு வந்தவளுக்குக் கையில் ஒரு நுனி கிடைத்தது. அறுந்த இடம் எங்கே என்று தேடுவது அவளுக்குப் புதிதில்லை.

அவளுக்கு உடனே நினைவு வந்தது குருசாமியின் கடை. சேத்தூர் பஸ் ஸ்டாப் பக்கம், புண்ணாக்கும் தவிடும் பருத்திக்கொட்டையும் விற்கிற கடை. பஸ்ஸிலிருந்து இறங்கியவள், கடையில் நின்ற ஏழெட்டுப் பேரை விலக்கிக்கொண்டு போய் மூட்டையிலிருந்து ஒரு புண்ணாக்குக் கட்டியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"அண்ணாச்சி, என்ன புண்ணாக்கு விக்கீரு? பூசணத்தப் போட்டு இடிச்சு விக்கீரா? எம்பாலத் திருப்பி அனுப்பிட்டான். எல்லாரும் கேட்டுக்கிடுங்க, இந்தக் கடையில வாங்காதீங்க!"

குருசாமி அறுபது வயதுக்காரர், மெதுவாகப் பேசுகிறவர். "இந்தாம்மா, வாங்குதவிய மொகத்துக்கு முன்னால இப்படிப் பேசலாமா? முப்பது வருச வியாபாரம்மா" என்றார்.

"டெஸ்ட் பண்ணிட்டு வந்து பேசுதேன்" என்று அவள் கட்டியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, அந்தப் புண்ணாக்கு, வீட்டுத் தவிடு, ஒரு பிடி வைக்கோல், மூன்றையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி முதல் பஸ்ஸில் கிளம்பினாள். கம்பெனி மேனேஜர் கேட்டிலேயே நிறுத்தினார்.

"நாங்க பாலைத்தான் பாப்போம். தீவனத்தைப் பாக்குறது எங்க வேலையில்லம்மா."

"பால வேண்டாம்னு சொல்லுதது மட்டும் ஒங்க வேலையா சார்?"

"அது ரூல்."

"சரி. நானும் ஒரு ரூல் வச்சிருக்கேன். பதில் தெரியாம எந்திரிக்க மாட்டேன்."

காலிக் கேனைக் கவிழ்த்துப் போட்டுக் கேட்டுக்கு நேராக உட்கார்ந்தாள். உள்ளே வருகிற ஒவ்வொரு வேனும் அவளைச் சுற்றித்தான் திரும்ப வேண்டியிருந்தது. பால்கோவா வாங்க வந்த வெளியூர்க்காரர்கள் சிலர், வரிசை இங்கிருந்துதானா என்று அவளிடமே கேட்டார்கள். "ஆமா, எனக்குப் பொறவு நில்லுங்க" என்றாள். பத்தரை மணிக்கு மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டு பொட்டலங்களை உள்ளே வாங்கினார். தீவனம் பார்க்க வேறு பட்டை, கொஞ்சம் அரைக்க வேண்டும், கலக்க வேண்டும். மதியம் பிரிஸ்கில்லா வெளியே வந்தாள்.

"அக்கா, மூணுமே சுத்தம்."

மாரியாத்தாள் எழுந்திருக்கவில்லை. "புண்ணாக்குமா?"

"புண்ணாக்குந்தான்."

சேத்தூரைத் தாண்டும்போது அவள் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. குருசாமியின் கடை அந்தப் பக்கம்தான் இருந்தது.

வீட்டில் சமுத்திரம் அப்போதுதான் தூங்கி எழுந்திருந்தார். அவள் புருஷன், அய்யனார் கோவில் போகிற ரோட்டில் ஒரு தென்னந்தோப்புக்குக் காவல்காரர். "என்னட்டி கேஸ் ஜெயிச்சியா?" என்றார்.

"இன்னும் முடியல. செத்த நேரம் சும்மா இரும். நான் பாக்கணும்."

மாட்டுக்கொட்டகையில் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்தாள். மில்லில் ஒவ்வொரு கதிராக நின்று பார்த்த மாதிரி, மாடு எதில் வாய் வைக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தாள். புல், தண்ணீர், வைக்கோல், மறுபடி புல். பொழுது இறங்கியது. அப்போது எதிர்வீட்டுச் சீனியம்மாள் முறத்தோடு வந்து, எப்போதும் போல, வாசலோரக் கழனித் தொட்டியில் தட்டிவிட்டுத் திரும்பினாள். சரசரவென்று ஒரு சத்தம். இரண்டு மாதமாகத் தினமும் கேட்கிற சத்தம்தான். இன்றுதான் மாரியாத்தாளின் காதில் விழுந்தது.

அந்தத் தெருவில் யார் வீட்டில் மாடு இல்லையோ அவர்கள் வீட்டு அரிசி களைந்த தண்ணீர், வடித்த கஞ்சி, காய்த்தோல் எல்லாம் மாரியாத்தாளின் தொட்டிக்குத்தான் வரும். மாடு கன்று போட்டால் தெரு முழுக்க அவள் சீம்பால் கொடுப்பாள். தினமும் சின்னப் பிள்ளைகள் இருக்கிற நாலு வீட்டுக்கு ஆளுக்கு ஒரு டம்ளர் பால். யாரும் பேசி வைத்துக்கொண்டது இல்லை. இந்த ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு கடலை வியாபாரியின் கிடங்கிலிருந்து தெருவுக்குக் கடலை உடைக்கிற வேலை வந்தது. நல்ல பருப்பை அளந்து கொடுத்தது போக, சொத்தையும் கறுப்புமாக ஒதுக்கியதைக் குப்பையில் கொட்ட யாருக்கும் மனசு வரவில்லை. "மாட்டுக்குப் போடலாமாட்டி?" என்று முதல் நாள் சீனியம்மாள் கேட்டாள். "போடுங்கத்தை, அதுகளுக்கும் நல்லது" என்று சொன்னது யார்? மாரியாத்தாள்தான்.

அவள் தொட்டியில் முழங்கை வரைக்கும் கையை விட்டாள். அடியிலிருந்து ஒரு பிடி வந்தது. சுருங்கிய கடலை, பாதி கறுப்பு. ஈரம் படாமல் மேலே கிடந்த இரண்டை ஊதினாள். பாசி நிறத்தில் தூள் பறந்தது.

"அத்தை!"

சீனியம்மாள் திரும்பி வந்தாள். பின்னால் இன்னும் மூன்று முறங்கள் வந்துகொண்டிருந்தன.

"இனிமே இதத் தொட்டியில போடாதீங்க."

"ஏட்டி, பண்டத்தைத் தெருவுல கொட்டச் சொல்லுதியா? வாயில்லாச் சீவனுக்குப் போட்டாப் புண்ணியம்னு தூக்கிட்டு வாரேன்."

"ஒங்க பேரனுக்கு இதக் குடுப்பீகளா?"

"சீ, கசக்கும்ல."

"அவன் ரெண்டு மாசமா இதத்தான் குடிக்கான் அத்தை. நீங்க முறத்துல போடுதிய, மாட்டு வயித்துல போயி ஒங்க வீட்டு டம்ளர்ல வந்து நிக்கி. நாந்தான் ஊத்திக் குடுக்கேன்."

சீனியம்மாளின் முகம் சுருங்கியது. அவளுக்கு முதலில் வந்தது பயம். அது வாய்க்கு வரும்போது கோபமாகிவிட்டது. "அப்ப நான் எம்பேரனுக்கு விஷம் வச்சேங்கியா? ஒம்பால் வேண்டாம்னு கம்பெனிக்காரன் சொன்னதுக்கு எங்க தலையிலயா கட்டுத? இந்தா பாரு, ஒன் தொட்டியும் வேண்டாம், ஒன் சீம்பாலும் வேண்டாம்!"

"சீம்பாலு வேண்டாம்னா வேண்டாம். கடலையக் கொண்டாங்க. கொல்லையில குழி வெட்டுதேன், அதுல போட்டு மூடுவோம்."

"ஒன் குழியில நீயே விழு."

முறங்கள் திரும்பிப் போயின. மாரியாத்தாள் தொட்டியைக் கவிழ்த்தாள், சாம்பல் போட்டுத் தேய்த்தாள், வெந்நீர் விட்டுக் கழுவினாள். பிறகு பழைய தகரக் கதவு ஒன்றைத் தூக்கி மேலே போட்டு, அதன் மேல் அம்மிக்கல்லை வைத்தாள். தெரு முழுக்க அந்தத் தகரச் சத்தத்தைக் கேட்டது.

ஒரு பிடிக் கடலையை வேன் டிரைவர் வழியாகக் கொடுத்தனுப்பினாள். சனிக்கிழமை பிரிஸ்கில்லா போன் செய்தாள். "அக்கா, இதேதான். ரெண்டாவது கோடு எட்டிக்கூடப் பாக்கல. இதத் தொட்ட கையக் கழுவிட்டீகளா?"

அதற்குப் பிறகு ஐந்து நாள். இரண்டு வேளையும் கறந்த பாலை மாரியாத்தாள் கொல்லைத் தென்னையின் மூட்டில் ஊற்றினாள். நுரையோடு போய் மண்ணில் இறங்கியதும் ஈரம் மட்டும் நின்றது. சமுத்திரம் துண்டைத் தோளில் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார்.

"தென்னைக்கு யோகம்தான். அடுத்த வருசம் எளநி வெட்டுனா உள்ள பால்கோவா இருக்கும்."

"இருந்தா ஒமக்குத்தான் மொதல்ல."

ஞாயிற்றுக்கிழமை பாண்டிதுரை வீடு தேடி வந்தான். அவனால் முடிந்த அளவு ரகசியக் குரலில் பேசினான். பக்கத்து வீட்டில் டிவியைக் குறைத்தார்கள்.

"மதினி, எதுக்குத் தரையில ஊத்துதிய? வேற ஆளு பேர்ல ஊத்துங்க. பெரிய கேன்ல விழுந்தா ஒண்ணும் தெரியாது. நான் பாத்துக்கிடுதேன்."

"நீ நல்லவன்தாம்ல. ஒன் வீட்டுக்கு எந்தக் கேன்லருந்து பாலு போகுது?"

பாண்டிதுரைக்கு இரண்டு பெண் குழந்தைகள். அவன் காலால் செருப்பைத் தேடினான்.

"பாரு, ஒனக்கே தெரியுது. எம்பால்ல விஷம்னு ஊரறியச் சொன்ன. இன்னைக்கு அது நெசம். நெசமா இருக்கப்ப ஒளிச்சு ஊத்துனா, பொறவு சுத்தமானாலும் எவன் நம்புவான்? எம்பாலு எம்பேர்ல ஏறணும். இல்லன்னா தென்னைக்குப் போகட்டும்."

தெருவில் அவளோடு பேச்சு நின்றுபோயிற்று. தகரக் கதவைத் தாண்டும்போது சிலர் வேண்டுமென்றே சொன்னார்கள்: "கலெக்டரம்மா வீட்டுத் தொட்டி, தொடாதீக." அவர்கள் வீட்டு அரிசி களைந்த தண்ணீர் சாக்கடைக்குப் போயிற்று. குழியை அவள் வெட்டிவிட்டாள், இடுப்பளவு. இரண்டு நாள் காலியாகக் கிடந்தது. மூன்றாம் நாள் காலையில் எட்டிப் பார்த்தபோது அடியில் ஒரு முறம் அளவுக்குக் கறுப்புக் கடலை கிடந்தது. யார் போட்டது என்று அவள் கேட்கவில்லை. அது மறையும் அளவுக்கு மட்டும் மண்ணைத் தள்ளினாள்.

இடையில் பாக்கி இருந்த ஒரு வேலைக்காகத் திங்கட்கிழமை சேத்தூர் போனாள். கடையில் ஆள் இல்லாத நேரம் ஒன்று வாய்த்தது. அவள் உள்ளே நுழையவில்லை. எதிர்ப்பக்கம் நிழலில் நின்றாள். ஐந்தாறு பேர் சேரும் வரைக்கும் காத்திருந்துவிட்டுப் போனாள்.

குருசாமி அவளைக் கண்டதும் தராசுத் தட்டைக் கீழே வைத்தார். "இன்னும் என்னம்மா?"

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க" என்றாள் மாரியாத்தாள், போன தடவை சொன்ன அதே குரலில். "போன வியாழக்கெழமை இங்க நின்னு இவரு புண்ணாக்கு ஆகாதுன்னு சொன்னேன். டெஸ்ட் பண்ணியாச்சு. புண்ணாக்கு சுத்தம். தப்பு எந்தொட்டியில. அம்புட்டுத்தான்."

குருசாமி அவளையே பார்த்தார். "மன்னிப்புக் கேக்கியா, சண்ட போடுதியா? ஒன் தொண்டையில ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்கு."

"எப்படி வேணும்னாலும் வச்சுக்கிடும் அண்ணாச்சி. ரெண்டு கிலோப் புண்ணாக்கு போடும். இனிமே மூட்டைய ஈரத்தரையில வைக்காதீரு, கட்டை போட்டு அது மேல வையும். இன்னைக்குச் சுத்தம், நாளைக்கு எப்படியோ."

கடையில் நின்ற ஒருவர் சிரித்தார். குருசாமி சிரிக்காமல் புண்ணாக்கை நிறுத்தார். ஆனால் அவள் கிளம்பும்போது, பின்பக்கம் கிடந்த இரண்டு மரக்கட்டைகளை அவர் காலால் நகர்த்தி இழுப்பதைப் பார்த்தாள்.

புதன்கிழமை காலைப் பாலை ஒரு பாட்டிலில் அடைத்து, தன் பெயரை எழுதி ஒட்டி வேனில் அனுப்பினாள். சாயங்காலம் போன் வந்தது. பிரிஸ்கில்லா எதுவும் சொல்வதற்கு முன்னால் கேட்டாள் மாரியாத்தாள்: "எத்தனை கோடு?"

"ரெண்டு. நல்ல சிவப்பா ரெண்டு."

வியாழக்கிழமை. கோவில் ஸ்பீக்கர் ஓய்ந்து, கோலத்துப் பூசணிப்பூ இன்னும் வாடாத நேரம். டேங்க் அடியில் அதே பதினாலு பேர். மாரியாத்தாள் கேனோடு வந்து வரிசையில் நின்றாள். முன்னால் நின்றவர் கேனும் பின்னால் நின்றவள் கேனும் மறுபடி அரை அடி விலகின. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, அவர்களுக்குத் தெரியாது. முறை வந்ததும் பாண்டிதுரை, அவன் ஆயுசில் முதல் தடவையாக, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னான். "ஊத்துங்க மதினி. சரியாப் போச்சாம்."

அவள் ஊற்றவில்லை.

"கேக்கலலே."

"சரியாப் போச்சாம் மதினி, போன் வந்துச்சு."

"பொணத்துக்கும் புடவைக்கும் அந்தக் கத்துக் கத்துத. எம்பாலுக்கு மட்டும் ஏன் தொண்டை கட்டுது? ஆட்டோ எங்க நிக்கி?"

"மதினி, வேன் காத்துக் கெடக்கு…"

"அஞ்சு நாள் நான் காத்துக் கெடந்தேன். மைக்க எடு."

டிரைவர் எஞ்சினை அணைத்தார். அவருக்கு இது பிடித்திருந்தது. வேறு வழியில்லாமல் பாண்டிதுரை டேங்குக்குப் பின்னால் நின்ற ஆட்டோவுக்குப் போனான். மைக்கைத் தட்டினான். கையில் மைக் வந்ததும் அவனுக்கும் கொஞ்சம் தைரியம் வந்துவிட்டது.

"தேவதானம் பொதுமக்களுக்கு ஓர் அன்பான அறிவிப்பு. வடக்குத் தெரு சமுத்திரம் அவர்களின் மனைவி மாரியாத்தாள் அவர்களின் பசும்பால், ஸ்ரீவில்லிபுத்தூரில் பரிசோதிக்கப்பட்டு, விஷமற்ற சுத்தமான பால் என்று…"

"சொந்தப் பேரு போதும். எதுக்குப் புருசன் பேரு? மேல சொல்லு."

"…என்று அறிவிக்கப்படுகிறது."

"பூசணக் கடலை."

"மேலும், பூசணம் பிடித்த கடலையை யாரும் மாட்டுக்குப் போட வேண்டாம் என்றும், மாரியாத்தாள் அவர்களின் கொல்லையில் அதற்கென்று குழி வெட்டப்பட்டுள்ளது என்றும்…"

வடக்குத் தெருவில் ஒவ்வொரு வாசலாக ஆள் வந்து நின்றார்கள். சீனியம்மாள் ஈர விளக்குமாற்றோடு வந்து கடைசி வரைக்கும் கேட்டாள். கேட்டு முடித்ததும் முகத்தை ஒரு வெட்டு வெட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். பேரன் மட்டும் வாசலிலேயே நின்றான்.

பாண்டிதுரை வியர்வையைத் துடைத்துக்கொண்டு தராசுக்குத் திரும்பி வந்தான். மாரியாத்தாள் குனிந்து கேனின் காதைப் பிடித்தாள். முன்னால் நின்றவர் கேனை ஒட்டி, உலோகம் உலோகத்தில் இடிக்கிற மாதிரி, தன் கேனை அந்த அரை அடி நகர்த்தி வைத்தாள். பிறகுதான் மூடியைத் திறந்தாள்.

"இப்ப ஊத்துதேன். ஒழுங்கா அள."